அண்ணன் பட்டை

"கப்பல் ஆடினா நம்ம வண்டிக்கும் வாந்தி வருமாம்மா?" என்று மகள் கேட்டாள்.

வண்டிகளை ஏற்றும் கப்பலின் கீழ்த்தளத்தில் நின்றிருந்த அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் காலை அவள் எதிர்க்கரைத் தீவில் மின்மீட்டர் கணக்கெடுக்கும் வேலையில் சேர வேண்டும். இருசக்கர வண்டி இருந்தால்தான் வேலை. வண்டி படுத்தால் வேலையும் படுத்துவிடும்.

கணவரோ துணி காயப்போடும் கயிற்றால் ஹேண்டில்பாரை மட்டும் தரை வளையங்களோடு பிணைத்து, முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டுக்கொண்டிருந்தார். பின்பக்கம் சும்மா கிடந்தது. அவள் அதைச் சொன்னதற்கு, தன் கட்டை எமனே வந்தாலும் அவிழ்க்க முடியாது என்றார். அதற்குமேல் வாய் கொடுத்தால் வண்டிக்கு முன்னால் குடும்பம் சாய்ந்துவிடும் என்று அவள் மேல்தளத்துக்குப் படியேறிவிட்டாள்.

கடல் அன்று பேயாட்டம் ஆடியது. பயணத்தின்போது யாரும் கீழே இறங்கக் கூடாது. மகள் அம்மா மடியிலும், எமனுக்கே சவால் விட்டவர் வாளியிலும் வாந்தி எடுத்தார்கள். அவள் தெரிந்த தெய்வங்களையெல்லாம் பெயர் சொல்லி அழைத்தாள்.

கரை வந்தது. பக்கத்தில் இரண்டு வண்டிகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கிடக்க, இவர்களுடையது நிமிர்ந்து நின்றது.

"பாத்தியா, நம்ம கட்டு" என்று நெஞ்சை நிமிர்த்திய கணவர், பின்பக்கம் போனதும் அடங்கிப்போனார். அங்கே இரண்டு ஆரஞ்சு நிறப் பட்டைகள் வண்டியின் சட்டத்தை இருபுறமும் வளையங்களோடு இறுக்கிப் பிடித்திருந்தன. பெயின்ட் உராயாமல் அடியில் ஒரு பழைய துண்டு. முன்பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி ஒரு ட்யூப் ரப்பர்.

யார் கட்டியது என்று கப்பல் ஊழியரிடம் கேட்டார்கள்.

"நீங்க மேல போனதும் ஒருத்தர் குனிஞ்சு கட்டிட்டிருந்தாரு. அக்காவோட அண்ணன்னுல்ல நெனச்சேன்."

அவளுக்கு அண்ணனே கிடையாது. அன்றிலிருந்து வீட்டில் அந்த ஆரஞ்சுப் பட்டைக்கு அண்ணன் பட்டை என்றே பெயர். துண்டைத் துவைத்து மடித்து, ரப்பரையும் சேர்த்து அதோடு வைத்தாள். முகம் தெரியாதவருக்கு எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று மட்டும் விளங்கவில்லை. ஆண்டவன் கடனைக் கேட்டு வாசலுக்கு வருவதில்லை. வழியில் ஓர் ஆளைக் காட்டுவதோடு சரி.

விடுமுறைக்குத் திரும்பும் பயணத்தில் காட்டினான். கணவர் இம்முறை, தான் வாங்கிய புதுப் பட்டைகளால் முன்னும் பின்னும் மாப்பிள்ளைபோல வண்டியை அலங்கரித்து முடித்தார். பக்கத்தில் யாருடையதோ ஒரு வண்டி, குழந்தைக்கான சின்ன இருக்கையோடு, ஒற்றைச் சணல் கயிற்றை நம்பி நின்றது. ஓட்டி வந்தவர் எப்போதோ மேலே போயிருந்தார்.

"நீங்க குட்டியக் கூட்டிட்டுப் போங்க. பின்னாலயே வரேன்" என்றாள்.

ஊழியர் அந்தப் பக்கம் திரும்பி ஒரு லாரியை உள்ளே வாங்கிக்கொண்டிருந்தார். அவள் பையிலிருந்து அண்ணன் பட்டையை எடுத்து முழங்காலிட்டாள். துண்டை அடியில் வைத்து, இருபுறமும் சமமாக இறுக்கினாள். ரப்பரைப் பிரேக்கில் மாட்டினாள். இருக்கையைப் பிடித்து ஒருமுறை உலுக்கிப் பார்த்தாள், அசையவில்லை.

முழங்கால் தூசியைத் தட்டிவிட்டு, வெறும் பையோடு படியேறினாள்.