குறுக்கே வந்த ஆடு

வழியில் வண்டி நின்று தவிக்கும்போது, உதவ வந்தவனிடம் "ஒண்ணும் வேணாம், நல்லாத்தான் இருக்கோம்" என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறீர்களா? முஹன்னா அனுப்பினான். அனுப்பிய பிறகு அந்த பிக்கப் வண்டி வெயிலில் ஒரு புள்ளியாகித் தொலைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றான்.

அப்போது மாலை ஆறே கால். காபா என்கிற சிற்றூரைத் தாண்டி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அடுத்த ஊரான ஹைமாவுக்கு இன்னும் எழுபது கிலோமீட்டருக்கு மேல். நடுவில் பெட்ரோல் பங்க் கிடையாது, கடை கிடையாது, மரம்கூடக் கிடையாது. பின்பக்க வலது டயர் வெடித்துக் கிழிந்து, பழைய செருப்பு மாதிரி ரோட்டோரம் கிடந்தது. ஸ்டெப்னியை மாட்டி முடித்துவிட்டான். அவன் போட்டிருந்த திஷ்தாஷா அங்கியின் முன்பக்கமெல்லாம் கரி. உள்ளங்கை கொப்பளித்திருந்தது, நட்டு அவ்வளவு சூடு.

வண்டிக்குள்ளே அவன் மனைவி நஸ்ரா, எட்டு வயது அஸ்ஸான், நாலு வயது பஸ்மா. சாரல் காலத்துக்கு ஓமனின் தெற்கே சலாலா போகிறார்கள். அவர்கள் ஊரான இப்ராவில் நாற்பத்தாறு டிகிரி கொதிக்கும்போது அங்கே தூறல் விழும், மலையெல்லாம் பச்சை. பிள்ளைகள் ஒரு மாசமாகக் குடை வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

ஆனால் முஹன்னாவுக்கு இந்தப் பயணம் சாரலுக்காக இல்லை. நஸ்ரா அவன் ஓட்டுகிற வண்டியில் பிள்ளைகளோடு ஏறி இரண்டரை வருஷம் ஆகிறது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மலைப்பாதையில் அவன் வண்டியைக் கொண்டுபோய்ப் பாறையில் மோதினான். பஸ்மாவுக்கு அப்போது ஒரு வயது, நெற்றியில் ஆறு தையல். "குறுக்க ஒரு ஆடு வந்துச்சு, அதைக் காப்பாத்தத்தான் திருப்பினேன்" என்றான். ஊரே அவனைப் பாராட்டியது. வாயில்லா ஜீவனைக் காப்பாற்றினானாம். ஆறு மாசம் கழித்து அவனே தன் தம்பியிடம், ஆடும் வரவில்லை ஒன்றும் வரவில்லை, கண் அசந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்ததை நஸ்ரா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டாள்.

அவள் சத்தம் போடவில்லை. "என் கோவம் தூங்கினதுக்கு இல்ல. ஆட்டுக்குத்தான்" என்று மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து பிள்ளைகளோடு எங்கே போனாலும் தன் அண்ணன் வண்டியில் போனாள், இல்லையென்றால் தானே ஓட்டினாள். வீட்டில் யார் பொய் சொன்னாலும் அதற்கு ஆடு என்றே பெயர் வந்துவிட்டது. "வீட்டுப்பாடம் முடிச்சிட்டியா, இல்ல ஆடா?" என்று அஸ்ஸானைக் கேட்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். முஹன்னாவும் சிரிப்பான்.

இந்த வருஷம் அவனாகக் கெஞ்சிக் கேட்டான். அவள் ரொம்ப நேரம் யோசித்துச் சொன்னாள். "வர்றேன். ஆனா இன்னொரு ஆடு வந்துச்சுன்னா சாவி என் கையில. அப்புறம் கேக்கவே கூடாது."

இதுதான் நிலவரம். இப்போது டயர் வெடித்தது ஏன் என்பதற்கு வருவோம்.

முந்தின நாள் ராத்திரி பித்யாவில், மணல்மேட்டுக்குள்ளே முஹன்னாவின் சொந்தக்காரர்கள் கூடாரம் போட்டிருந்தார்கள். மணலில் இறங்குகிறவன் நாலு டயரிலும் காற்றைப் பாதிக்குமேல் இறக்கிவிடுவான், அப்போதுதான் வண்டி புதையாது. ரோட்டுக்கு ஏறும்போது திரும்ப அடித்துக்கொள்வான். அந்த ஊரில் நடக்கப் பழகும் பிள்ளைக்குக்கூட இது தெரியும். காலையில் முஹன்னாவும் மணல் முடிகிற இடத்தில் நிறுத்தி, கம்ப்ரசரை எடுத்து முன் டயர் இரண்டுக்கும் முப்பத்தைந்து பாயிண்ட் காற்று அடித்தான். பின்பக்கம் போவதற்குள் பெரியப்பா மகன் கூப்பிட்டான். "முஹன்னா! கஹ்வா ஆறுது. வந்து உக்காரு, இல்லைன்னா வீட்டுக்கே வந்த மாதிரி இல்ல."

கஹ்வா காபிக்குக் கூப்பிட்டு வரவில்லை என்று சொல்ல முடியுமா? போய் உட்கார்ந்தான். கோப்பையை ஆட்டிக் கொடுத்தால் போதும் என்று அர்த்தம். அவன் ஆட்டவில்லை, பேச்சு சுவாரஸ்யம். மூன்று கோப்பை, நாலு கோப்பை, பேரீச்சம்பழம், அல்வா, போன வருஷத்து ஒட்டகப் பந்தயம். எழுந்து வந்தபோது கம்ப்ரசரை யாரோ இரவல் வாங்கிப் போயிருந்தார்கள். அது அவன் கண்ணிலும் படவில்லை, நினைவிலும் இல்லை. ஸலாம் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான். பின் டயர்களில் வெறும் பதினைந்தோடு, மேலே ஒரு வண்டி மூட்டையோடு, தகிக்கிற தாரில் நூற்றிருபதில் வந்தான். காபாவில் டீ குடிக்க நின்றபோதுகூட வண்டியின் முன்னால் நின்றே குடித்தான்.

டயர் வெடித்த அந்த நொடியில்கூட அவனுக்குத் தெரியவில்லை. ஜாக்கியை வைக்கக் குனிந்தபோதுதான் தெரிந்தது. இடது பக்க டயர் அடிவயிறு பிதுங்கி உட்கார்ந்திருந்தது. கையை வைத்தான். சுட்டது. கஹ்வா கோப்பை நினைவுக்கு வந்தது.

"என்னங்க ஆச்சு?" நஸ்ரா கண்ணாடியை இறக்கிக் கேட்டாள்.

"வெயிலு. இந்த வெயிலுக்கு எந்த டயர் தாங்கும்?"

"புது டயருன்னு சொன்னீங்களே."

"கடைக்காரன் பழசைத் தலையில கட்டிட்டான் போல."

"வெயிலா, கடைக்காரனா?"

"ரெண்டும்தான்."

"ஆடு இல்லையே?" சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அஸ்ஸான் பின்சீட்டிலிருந்து "ம்ம்மே" என்று கத்தினான்.

அந்த நேரத்தில்தான் பிக்கப் வந்து நின்றது. ஓட்டியவனுக்கு முப்பது வயதிருக்கும், தலையில் முண்டாசு.

"எல்லாரும் நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கோம், அல்லா உங்களுக்கு ஆயுசு கொடுக்கட்டும்."

"என்ன வேணும்? தண்ணி? காத்து? வெக்கப்படாம சொல்லுங்கண்ணே."

பிக்கப்பின் பின்னால் ஆரஞ்சு நிறத்தில் காற்றுக் குழாய் சுருண்டு கிடந்தது. ஐந்து நிமிஷ வேலை. ஆனால் இடது டயருக்கு எதற்குக் காற்று என்று நஸ்ரா கேட்பாள். கண்ணாடி இறங்கியே இருந்தது.

"ஒண்ணும் வேணாம் தம்பி. நல்லாத்தான் இருக்கோம்."

"நெசமாவா?"

"நெசமா. போய்ட்டு வா."

ஹைமாவில் பஞ்சர் கடை இருக்கிறது, பிள்ளைகளுக்கு ஜூஸ் வாங்கப் போகிற சாக்கில் அடித்துக்கொள்ளலாம், யாருக்கும் தெரியாது. இப்படிக் கணக்குப் போட்டு வண்டியை எடுத்தான். அறுபதுக்கு மேல் ஏற்றவில்லை. காது முழுக்கப் பின்பக்கம். வண்டி இடது பக்கம் லேசாக இழுப்பது போலிருந்தது. இழுக்கிறதா, நினைப்பா?

பதினைந்து நிமிஷம் கழித்து நஸ்ரா வெளியே பார்த்தாள். சூரியன் வலது பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஏன் இவ்வளவு மெதுவா?"

"ஸ்டெப்னில ஓடுதே."

"ஸ்டெப்னியும் முழு டயருதானே. இப்படிப் போனா ஹைமா போறதுக்குள்ள இருட்டிரும். பொழுது சாய்ஞ்சா ஒட்டகம் ரோட்டுக்கு வரும், தெரியும்ல? என் சித்தி மகன் எப்படிப் போனான்னு மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. கறுப்பு ரோடு, கறுத்த பொழுது, அதில் ஒட்டகம் நிற்பது விளக்கு வெளிச்சத்தில் கால்கள் தெரியும்போதுதான் தெரியும். அதற்குள் உடம்பு கண்ணாடி வழியாக உள்ளே வந்துவிடும்.

மெதுவாகப் போனால் ஒட்டகம். வேகமாகப் போனால் டயர். சொல்லிவிட்டால் இரண்டும் இல்லை. நிறுத்திவிட்டு யார் வந்தாலும் கையைக் காட்டிக் காற்றுக் கேட்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"நஸ்ரா."

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. தண்ணி குடு."

தண்ணீர் குடித்தான். எண்பதுக்கு ஏற்றினான். தொண்ணூறு. வண்டி ஒழுங்காகத்தான் ஓடியது. பார்த்தாயா, ஒன்றும் ஆகவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். நூறு. நஸ்ரா காலை நீட்டிச் சாய்ந்து உட்கார்ந்தாள். பஸ்மா ஜூஸ் டப்பாவில் குழலைக் குத்தித்தரச் சொல்லி அண்ணனிடம் நீட்டிக்கொண்டிருந்தாள்.

எங்கோ பாத்திரம் உருட்டுகிற மாதிரி ஒரு சத்தம் முதலில் வந்தது. பிறகு வெடித்தது.

வண்டியின் பின்பக்கத்தை யாரோ பிடித்துத் தூக்கி இடது பக்கம் எறிந்த மாதிரி இருந்தது. காலைப் பிரேக்கில் வைக்காதே, வைக்காதே என்று மனசுக்குள் கத்திக்கொண்டே ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக்கினான். எதிரே ஒரு லாரி விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்து ஹாரனை அலற விட்டது. நஸ்ரா "யா ரப்" என்றாள், அவ்வளவுதான், ஒரு கையைப் பின்னால் நீட்டிப் பஸ்மாவின் காலைப் பிடித்துக்கொண்டாள். வண்டி வலது பக்கம் திரும்பியது, ஒரு ஆள் உயரத்துக்குத் தூசி கிளப்பிக்கொண்டு சரளைக் கல்லில் இறங்கியது, இரண்டு சக்கரத்தில் நிற்பது போல் ஒரு நொடி சாய்ந்தது, திரும்ப விழுந்தது. ஓடியது. நின்றது.

தூசிக்குள் ஒன்றும் தெரியவில்லை. அஸ்ஸான் அழுதுகொண்டிருந்தான். பஸ்மாவிடமிருந்து சத்தமே இல்லை.

"பஸ்மா!" நஸ்ரா பெல்ட்டைப் பிய்க்கிற மாதிரி கழற்றிக்கொண்டு பின்னால் பாய்ந்தாள். "பஸ்மா! கண்ணு!"

"உம்மா," என்றது குட்டி, "என் ஜூஸ் கொட்டிருச்சு."

நஸ்ரா அவளை மடியில் போட்டு அமுக்கிக்கொண்டு ரொம்ப நேரம் அப்படியே இருந்தாள். முஹன்னாவுக்குக் கை ஸ்டீயரிங்கிலிருந்து எடுக்க வரவில்லை, விரல் விரலாகப் பிரித்தெடுத்தான்.

போனில் சிக்னல் இல்லை. ஸ்டெப்னியும் இல்லை. லாரி நிற்காமல் போய்விட்டது. சூரியன் பாதி முழுகிவிட்டது. தூரத்தில், அவர்கள் போயிருக்க வேண்டிய திசையில், ஆறேழு ஒட்டகம் வரிசையாக ரோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. அதை நஸ்ராவும் பார்த்தாள்.

கால் மணி நேரம் கழித்து ரோட்டிலிருந்து இல்லை, பாலைவனத்துப் பக்கமிருந்து ஒரு பிக்கப் வந்தது. ஓட்டிவந்தது அந்தப் பாலைவனத்து வழக்கப்படி முகமூடி போட்ட ஹராசீஸ் குலத்துப் பெண், நாற்பது வயதிருக்கும். பின்னால் ஏழெட்டு ஆடு. இறங்கியதும் முதலில் பிள்ளைகளைப் பார்த்தாள், தலையைத் தடவினாள், குளிர்ந்த ஒட்டகப்பால் பாட்டிலை நஸ்ராவிடம் கொடுத்தாள். அப்புறம்தான் டயர் பக்கம் போனாள். கிழிந்த வாய்க்குள் கையை விட்டு எதையோ அள்ளிக் காட்டினாள். கறுப்பு மாவு மாதிரி இருந்தது.

"மணல்லேந்தா வர்றீங்க?"

"பித்யாவுலேந்து வர்றோம் அக்கா," என்றாள் நஸ்ரா. "வெயிலுக்கு வெடிச்சிருச்சு. மதியத்துலேந்து இது ரெண்டாவது. கடைக்காரன் பழைய டயரை வித்துட்டான். ஹைமா போனதும் அவனுக்குப் போன் போட்டு நாலு வார்த்தை கேக்கப்போறேன்."

"பாவம், அவனை ஏன் திட்டுற? டயரு புதுசு, பாரு, மேல இருக்கிற ரப்பர் முடிகூடத் தேயல. காத்து இல்லாம ஓடிருக்கு தங்கச்சி. உள்ளேயே அரைச்சு மாவாயிருச்சு. வெயில்ல போறது இப்படிப் போகாது."

நஸ்ரா திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. பொறுமையாகப் பார்த்தாள். அஸ்ஸானின் அப்பா என்று ஊர் முறைப்படி கூப்பிட்டாள்.

"அபூ அஸ்ஸான். இந்த அக்கா சொல்றது சரியா?"

மறுப்பதற்கு இடம் இருந்தது. வால்வில் ஓட்டை இருந்திருக்கும் என்று சொல்லலாம், கல் குத்தியிருக்கும் என்று சொல்லலாம். பிக்கப்பிலிருந்து ஒரு கிடாய் எட்டி அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆடு," என்றான் முஹன்னா.

"என்ன ஆடு? என் ஆட்டுக்கு என்ன?" என்றாள் அந்தப் பெண்.

"உங்க ஆடு இல்ல அக்கா. என் ஆடு." நஸ்ரா பக்கம் திரும்பினான். "முன்னாடி ரெண்டுக்குத்தான் அடிச்சேன். கஹ்வாக்குக் கூப்பிட்டாங்க. அப்புறம் மறந்துட்டேன்."

"எப்ப ஞாபகம் வந்துச்சு?" என்றாள் நஸ்ரா.

"மொத டயர் மாத்தும்போது."

"அந்தத் தம்பி காத்து வேணுமான்னு கேட்டானே. அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"நான் வேகமாப் போங்கன்னு சொன்னப்ப?"

"அப்பவும் தெரியும்."

நஸ்ரா கையை நீட்டினாள். அவன் சாவியை அதில் வைத்தான். சாவிக் கொத்தில் கரி ஒட்டியிருந்தது, அவள் தன் அபாயாவில் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் பால் சூடாக்கித் தர்றேன், எங்க வீட்டுக்கு வாங்க," என்றாள் அந்தப் பெண். "பிள்ளைங்க முன்னாடி உக்காரட்டும். நீயும் வா தங்கச்சி." முஹன்னாவைப் பார்த்தாள். "நீங்க பின்னாடி. ஆட்டோட."

அஸ்ஸான் அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்தான். நஸ்ரா சிரிக்கவில்லை.

மறுநாள் காலை அந்தப் பெண்ணின் தம்பி ஹைமாவிலிருந்து இரண்டு டயர் கொண்டுவந்து மாட்டினான். நஸ்ரா காற்று பார்க்கிற கருவியை வாங்கி நாலு டயரையும் தானே குனிந்து பார்த்தாள், நாலிலும் முப்பத்தைந்து இருந்தது. ஏழு மணிக்குக் கிளம்பினார்கள். நஸ்ரா ஓட்டினாள், முஹன்னா பின்சீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்தான்.