இலவச போனுக்கு ஒரு கட்டணம்

அவள் கார் ஓட்டக் கற்றுத்தருபவள். பக்கத்தில் ஓட்டுபவர் எவ்வளவு பதறினாலும், குரலை உயர்த்தாமல் "பிரேக்கை மிதிங்க" என்று சொல்லிப் பழகியவள். அதே நிதானத்தோடுதான் போன் கம்பெனியின் கடைக்குள் நுழைந்தாள். கூடவே கணவனின் அக்காவும் வந்திருந்தாள். இவள் கூப்பிடவில்லை. "தனியா போனா ஏமாந்துட்டுத்தான் வருவ" என்று நாத்தனார் தானாகவே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

போன மாதம் கம்பெனியிலிருந்து அழைத்து, ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடம் நீட்டித்தால் புதுப் போன் இலவசம் என்றார்கள். சரி என்றாள். போன் வந்தது, பின்னாலேயே பில்லும் வந்தது. அதில் 'அப்கிரேடு கட்டணம்' என்று ஒரு வரி. மாதக் கட்டணமும் சத்தமில்லாமல் ஏறியிருந்தது.

கவுண்டரில் இருந்தவன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "போன்தாங்க ஃப்ரீ. மாத்திக் கொடுக்கறதுக்குக் கட்டணம் உண்டு."

"எனக்கு அப்படிச் சொல்லலை."

"சொல்லியிருப்பாங்க மேடம்."

நாத்தனார் கைப்பையைத் தொப்பென்று மேசைமேல் வைத்தாள். "இருப்பாங்க கிருப்பாங்கன்னா என்னய்யா அர்த்தம்?"

அவள் நாத்தனாரின் கையை மெல்லத் தொட்டு நிறுத்தினாள். "அன்னைக்குப் பேசும்போது, இந்த அழைப்பு பதிவு செய்யப்படுதுன்னு முதல்லயே ஒரு குரல் சொல்லுச்சு. அந்தப் பதிவைப் போடுங்க. கட்டணம்னு ஒரு வார்த்தை இருந்தா, பேசாம கட்டிட்டுப் போறேன்."

மேலாளர் வந்தார். நாளைக்கு வரச் சொல்லிப் பார்த்தார்.

"இன்னைக்கு எனக்கு லீவுதான். உட்கார்ந்திருக்கேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

வரிசையில் நின்றவர் ஒருவர், "போடுங்க சார், நாங்களும் கேக்கறோம். எனக்கும் இதே கட்டணம்தான்" என்றார். வேறு வழியில்லாமல் மேலாளர் யார் யாரிடமோ பேசி, பதிவை வரவழைத்துச் சத்தமாகவே போட்டார்.

"தனியா எந்தக் கட்டணமும் கிடையாது மேடம். மாசக் கட்டணமும் அதேதான்." தேன் ஒழுகும் குரல்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. அடுத்து அவளுடைய குரல் சிரித்தது: "சரி, அனுப்புங்க. எங்க நாத்தனாருக்கு மட்டும் தெரியக்கூடாது. சும்மா கொடுத்தாலும் நொட்டை சொல்லுவாங்க."

அவளுக்குக் காது மடல் சூடேறியது. நாத்தனார் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மேலாளர் பக்கம் திரும்பினாள்.

"எங்க பஞ்சாயத்தை வீட்டுல வச்சுக்கறோம். கட்டணம் கிடையாதுன்னு காதால கேட்டாச்சில்ல? எடுங்க அதை."

கட்டணம் நீங்கியது, மாதத் தொகையும் பழையபடி ஆனது. திருத்திய பில்லை வரிவரியாகப் படித்த பிறகே அவள் எழுந்தாள்.

தெருவில் கொஞ்ச தூரம் நடந்ததும் நாத்தனார் கேட்டாள்.

"நான் எல்லாத்துக்குமா நொட்டை சொல்றேன்?"

மழுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. "ஆமா அண்ணி."

நாத்தனார் நின்றாள். "என் போனும் இதே கம்பெனிதான். மாசாமாசம் ஏதோ பிடிக்கறாங்க. எதுக்குன்னே தெரியலை. உங்கிட்ட சொன்னா சிரிப்பியேன்னு வாயைத் திறக்கலை."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நாத்தனாரும் சிரித்துவிட்டாள்.

"வாங்க, இப்பவே கேட்டுடலாம்."

"நீயே கேளு. நான் மூச்சு விடமாட்டேன்."

கடைக்குத் திரும்பி, கவுண்டரை நெருங்குவதற்குள் நாத்தனார் ஆரம்பித்துவிட்டாள்.