சூறாவளியன் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார்

தம்பி இப்போதுதான் தூங்கினான். எனக்குத் தூக்கம் வரவில்லை. யாரிடமாவது கொட்டினால்தான் ஆறும். அம்மாவிடம் சொன்னால் வீடு இரண்டாகிவிடும், அதனால் உன்னிடம் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் அந்தச் சூறாவளியன். நீலச் சட்டை, சிவப்பு பூட்ஸ், மாதம் ஒரு காமிக்ஸ். ஏழு வயதாகும் எங்கள் வாண்டு அதைப் படிப்பதில்லை, தின்கிறான். ஆனால் எங்கள் வீட்டில் அதை நிம்மதியாக ஒரு பக்கம் புரட்ட முடியாது. அப்பா லிஃப்ட் மெக்கானிக். சூறாவளியன் கதையில் எப்படியும் எங்கேயாவது ஒரு லிஃப்ட் கயிறு அறுந்துவிடும். உடனே அப்பா தட்டை நகர்த்தி வைத்துவிட்டு ஆரம்பித்துவிடுவார்.

"ஏண்டா, ஒரு கயிறு அறுந்தா மீதிக் கயிறெல்லாம் என்ன, டீ குடிக்கப் போயிடுச்சா?"

"வில்லன் எல்லாத்தையும் வெட்டிட்டான்ப்பா."

"வெட்டட்டும். பிரேக் கவ்விப் பிடிச்சுக்கும். இவன் எதுக்குச் சுவத்தை உடைச்சிட்டு உள்ள வர்றான்? ஒரு ஆளைக் காப்பாத்த ஒரு மாடியையே உடைக்கிறான். உடைச்சிட்டு ஜம்முனு பறந்து போயிடுவான். மறுநாள் ஏணியைத் தூக்கிட்டுப் போறவன் யாரு? நான்!"

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை செய்யும் அம்மாவுக்கு வேறு கவலை. "அவன் சட்டையை யாரு துவைக்கிறான்னு ஒரு பக்கமாவது போடுறானா பாரு. ரத்தக் கறைக்கு வெந்நீர் ஊத்தினா அவ்வளவுதான், ஜென்மத்துக்கும் போகாது."

வாண்டு காதைப் பொத்திக்கொண்டு படிப்பான். அவனுக்கும் இவர்களுக்கும் நடுவில் நான். தலைவலி எனக்கு.

இன்றைக்குச் சாயங்காலம் புது இதழை வாங்கிக்கொண்டு வந்தோம். அப்பாவும் அம்மாவும் வேலையில். "நீ படியில வா, நான் சூறாவளியன் மாதிரி மேல பறந்து வர்றேன்" என்று லிஃப்டுக்குள் ஓடிவிட்டான். எங்கள் கட்டடத்து லிஃப்ட் அரதப் பழசு. அதைப் பார்த்துக்கொள்வது வேறு கம்பெனி. அப்பா அதில் கை வைக்கக் கூடாது. அது முனகுவதைக் கேட்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார்.

நான் மூச்சு வாங்க நாலாவது மாடிக்கு வந்தபோது லிஃப்ட் எங்கள் மாடியைத் தாண்டி, பாதி மேலே போய் நின்றிருந்தது. வெளிக்கதவில் இருக்கும் சின்னக் கண்ணாடியில் வாண்டுவின் செருப்புக் கால் என் மூக்குக்கு நேராகத் தெரிந்தது.

அப்பாவுக்குப் போன் போட்டேன். "பயப்படாத. அது விழாது. நான் வர்ற வரைக்கும் அவன் உள்ளேயே இருக்கணும், அவ்வளவுதான். யாரும் கதவைத் திறக்கக் கூடாது, புரியுதா?" என்றார்.

திரும்பிப் பார்த்தால் வாட்ச்மேன் அண்ணன் கடப்பாரையோடு நிற்கிறார். நான் வேண்டாம் என்பதற்குள் ஒரே நெம்பு. வெளிக்கதவு திறந்துகொண்டது. வாண்டு உள்ளே இருந்த கம்பிக் கதவை இழுத்துவிட்டு விளிம்பில் வந்து நின்றான்.

"குதிடா ராஜா! அண்ணன் பிடிச்சுக்கறேன்!" கையை விரித்துக்கொண்டு நிற்கிறார் மனுஷன்.

அப்போதுதான் நான் கீழே பார்த்தேன். லிஃப்டின் அடிப்பாகத்துக்கும் எங்கள் தரைக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. கிணறு மாதிரி இருட்டு. கொஞ்சம் சறுக்கினாலும் எங்கள் கால்மாட்டில் விழ மாட்டான், லிஃப்டுக்கு அடியில் புகுந்து நேராகத் தரைத்தளம்தான்.

"குதிக்காதடா!"

"பதினாலாம் பக்கத்துல சூறாவளியன் இப்படித்தான்க்கா குதிச்சார்!"

"அவன் பறப்பான்டா, எருமை! நீ பறப்பியா?"

"குதிச்சாத்தானே தெரியும்?"

கெஞ்சினேன், திட்டினேன், அப்பா தோலை உரிப்பார் என்றேன். அவன் புத்தகத்தைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு முழங்காலை மடக்கினான். எனக்கு வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்.

"டேய், அசையாத! சூறாவளியன் மேல நிக்கிறாருடா. அவர்தான் கயித்தைப் பிடிச்சிட்டிருக்காரு. நீ குதிச்சா லிஃப்ட் குலுங்கும், அவர் கை நழுவிடும்!"

வாண்டு அப்படியே உறைந்து போனான். மெதுவாகப் பின்னால் நகர்ந்து, முட்டை மேல் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தான்.

"நெஜமாவா?"

வாட்ச்மேன் அண்ணன் தலையை நீட்டி மேலே பார்த்தார். "ஆமாம்டா தம்பி! இதோ, நீல பூட்ஸ் தெரியுதே!"

"பூட்ஸ் சிவப்பு!" என்று கத்தினான் வாண்டு. எழுந்தே விட்டான்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கடப்பாரையை நானே எடுத்திருப்பேன். "இருட்டுல சிவப்பு அப்படித்தான் தெரியும்! உட்காருடா!"

உட்கார்ந்தான். "அவருக்குக் கை வலிக்குதான்னு கேளுக்கா."

"வலிக்கலையாம்."

"நான் மூச்சு விடலாமான்னு கேளு."

"விடுடா, விட்டுத் தொலை!"

அப்பா வந்து சேரும் வரைக்கும் இப்படியே ஓடியது. அவர் படியேறும் சத்தம் கேட்டதும் வாட்ச்மேன் அண்ணன் வெளிக்கதவைத் தள்ளிச் சாத்தினார். "அப்பாகிட்ட சொல்லிடாதம்மா, என் வேலை போயிடும்" என்றார். நானும் தலையாட்டித் தொலைத்தேன். அப்பா நேராக மொட்டைமாடி மோட்டார் ரூமுக்குப் போய்ச் சக்கரத்தைக் கையால் சுற்றி, லிஃப்டைத் தரைத்தளத்துக்கு இறக்கினார். வாண்டு ராஜா மாதிரி வெளியே வந்தான்.

முடிந்தது என்றுதானே நினைப்பாய்? நானும் நினைத்தேன்.

விளக்கை அணைத்த பிறகு பக்கத்தில் விசும்பல். "என்னடா இப்ப?"

"நான் இறங்கிட்டேன்னு அவருக்கு யாரு சொன்னாங்கக்கா?"

"யாருக்கு?"

"சூறாவளியனுக்கு. யாரும் சொல்லலைன்னா இன்னும் பிடிச்சிட்டே இருப்பாருல்ல? கை வலிக்கும்ல?"

அவர் போய்விட்டார் என்றேன். நீ பார்த்தாயா என்றான். தூங்கு என்று அதட்டினேன், அழுகை ஒரு சுதி ஏறியது. அம்மா எழுந்தால் எல்லாம் வெளியே வரும். வேறு வழியில்லாமல் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு லிஃப்டுக்குப் போனேன்.

"கதவுகிட்ட நின்னு சொல்லு. சுருக்கமா சொல்லு."

"கண்ணாடி வழியா கேட்காதுக்கா." சொல்லிக்கொண்டே கைப்பிடியைப் பிடித்து இழுத்தான்.

கதவு திறந்துகொண்டது.

லிஃப்ட் கீழே நிற்கிறது. திறக்கவே கூடாத கதவு அது. உள்ளிருந்து கிரீஸ் நாற்றத்தோடு குளிர்காற்று அடித்தது. வாண்டு ஒரு காலை விளிம்பில் வைத்து, தலையை உள்ளே நீட்டி மேலே பார்த்து, "அங்கிள், விட்டுடுங்க, நாங்க…" என்கிறான். என் கை அவன் சட்டைக் காலரை எப்போது பிடித்தது என்று எனக்கே தெரியாது. இரண்டு பேரும் பின்பக்கமாக விழுந்தோம். காலரில் ஒரு பொத்தான் தெறித்து அந்த இருட்டுக்குள் போனது. அது விழுந்த சத்தமே கேட்கவில்லை.

"இங்க என்ன பண்றீங்க?"

அப்பா. பின்னால் லுங்கியோடு நிற்கிறார். அவர் எங்களைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்தார். மெதுவாக வந்து அதைச் சாத்தி, முதுகைக் கொடுத்து நின்றுகொண்டார்.

வாண்டு எல்லாவற்றையும் ஒப்பித்தான். கயிறு, பூட்ஸ், கை வலி. இப்போது அப்பா பிரேக்கைப் பற்றிப் பாடம் எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

அப்பா வாண்டுவின் தலையில் கை வைத்தார். "நான்தான் மோட்டார் ரூமுக்குப் போனேன்ல. அப்பவே சொல்லிட்டேன், பையன் இறங்கிட்டான், நீங்க கிளம்புங்கன்னு."

"போயிட்டாரா?"

"போயிட்டான். போகும்போது என் மோட்டார் ரூம் ஜன்னலை உடைச்சிட்டுப் போனான், தடிமாடு."

வாண்டு முகம் மலர்ந்துவிட்டது. அதற்கு மேல் சாட்சியே வேண்டியிருக்கவில்லை. உள்ளே ஓடிப் படுத்துக்கொண்டான்.

அப்பா என்னிடம், "பூட்டு நாக்கு வளைஞ்சிருக்கு. யாரு நெம்பினது?" என்றார். வாட்ச்மேன் அண்ணனுக்குத் தலையாட்டியிருந்தேனே, தரையைப் பார்த்தேன். "குதிக்கப் போனானா?" என்றார். தலையாட்டினேன். அப்பா கதவில் சாய்ந்தபடியே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து பூட்டில் கை வைத்தார்.

"அப்பா, அது வேற கம்பெனி லிஃப்டு…"

"கிடக்குது கம்பெனி. என் பையை எடுத்துட்டு வா."

டார்ச் பிடிக்கிறேன் என்றேன். போய்ப் படு என்றார். படுத்திருக்கிறேன். அவர் வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு திட்டுவது இங்கே வரைக்கும் கேட்கிறது, யாரை என்றுதான் புரியவில்லை. அடுத்து சுத்தியல் சத்தம். அம்மா வேறு எழுந்துவிட்டாள்.