ஹேசல் மூச்சிழுக்கும் இடம்

கென்னத் பிரியர்லி மறுபடியும் ஸ்பீக்கர் பார்க்கக் கிளம்பினார். அவர் மனைவி டோரீன் பின்னல் பையை எடுத்துக்கொண்டாள். இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில் அன்று காலையிலிருந்து மழை.

"கடைக்கார நைஜல் புதுசா ஒரு ஜோடி எறக்கியிருக்கானாம். ஒண்ணு விடாம எல்லாத்தையும் புட்டுப் புட்டு வைக்குமாம்," என்றார் காரில்.

"போன தடவை வாங்கினதுக்கும் இதையேதான் சொன்னான்."

"அது கம்பளியைப் போத்திக்கிட்டுப் பாடுது. சமையல்கட்டு ரேடியோ கேக்கிறவளுக்கு இதெல்லாம் எங்க புரியப்போகுது?"

புரியாமல் என்ன? டோரீனுக்கு எல்லாமே புரிந்தது. அதுதான் தொல்லை.

ஸ்பீக்கர் பித்துப் பிடித்தவர்கள் கடைக்குப் போகும்போது தங்களுக்குப் பழகின இசைத்தட்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோவார்கள். கென்னத் கொண்டுபோவது ஹேசலின் பாட்டு. ஹேசல் அவருடைய முதல் மனைவி. செத்துப்போய் வெகுகாலம் ஆகிறது. இளம் வயதில் அவள் வீட்டுச் சமையலறையில் நின்றபடி பாடியதை அவரே டேப்பில் பிடித்து, பிற்பாடு தட்டுக்கு மாற்றி வைத்திருந்தார். பாட ஆரம்பிக்கும் முன் அவள் ஒரு மூச்சிழுப்பாள்; அதன் வாலில் ஒட்டிக்கொண்டு ஒரு சின்னச் சிரிப்பு வரும். "பாட்டை அவ ஊருக்கெல்லாம் பாடினா. அந்த மூச்சு மட்டும் என்னைப் பாத்து இழுத்தது," என்று கென்னத் ஒரு முறை சொல்லியிருக்கிறார். இரண்டாவது மனைவியிடம் போய் இதைச் சொல்கிறோமே என்ற எண்ணமே அவருக்கு வரவில்லை.

சில வருஷங்களாக அந்த மூச்சு அவருக்குக் கேட்கவில்லை. "உனக்குக் கேட்டுதா?" என்று முதல் தடவை கேட்டபோது, "இல்லையே," என்றாள் டோரீன். பொறாமைதான், வேறென்ன? அந்தப் பெண் வீட்டுக்குள் மூச்சு விடுவது நின்றதே என்று அவளுக்கு உள்ளூர ஒரு நிம்மதி. ஒரு பொய்யைச் சொல்லியாயிற்று, அதைத் திரும்ப வாங்க முடியவில்லை. கென்னத் ஒயரைக் குறை சொன்னார், மாற்றினார். அதிர்வு அடங்கட்டும் என்று ஸ்டாண்டுக்குள் மணல் கொட்டினார். திரைச்சீலையைக் கழற்றினார். பிறகு ஸ்பீக்கர்களையே மாற்ற ஆரம்பித்தார். தன் காதை மட்டும் அவர் சந்தேகப்படவே இல்லை. பித்துப் பிடித்தவர்களில் எவன்தான் சந்தேகப்பட்டிருக்கிறான்?

கடையின் பின்னறையில் கென்னத் நடு இருக்கையில் அமர்ந்தார். டோரீன் ஓரமாக உட்கார்ந்து பின்னினாள். புத்தக அலமாரியில் அடங்கிவிடும் அளவுக்குச் சின்னப் பெட்டிகள் இரண்டு. பாட்டு தொடங்கியது. ஐயோ, ஹேசல் பக்கத்தில் வந்து நின்ற மாதிரி இருந்தது. உதடு பிரியும் சத்தம்கூடக் கேட்டது. டோரீனின் கை அப்படியே நின்றுவிட்டது.

கென்னத் உதட்டைப் பிதுக்கினார்.

அவர் கழிப்பறைக்குப் போன சமயம் பார்த்து நைஜல் அவள் பக்கம் குனிந்தான். "உங்களுக்குக் கேட்டுச்சில்ல, மிசஸ் பிரியர்லி?"

"தெரிஞ்சுக்கிட்டேதான் அவருக்கு வித்துக்கிட்டிருக்கியா?"

"இந்தத் தொழில்ல காதைப் பத்தி மட்டும் பேசக் கூடாதுங்க. நீங்க வீட்லயே இருக்கீங்க. நீங்க சொன்னீங்களா?"

அவள் பின்னலில் விட்டுப்போன கண்ணைத் தேடினாள். கென்னத் வந்ததும் நைஜல் வழக்கம்போல, சனி ஞாயிறு வீட்டில் வைத்துக் கேட்டுப் பாருங்கள் என்று பெட்டிகளைக் காரில் ஏற்றிவிட்டான்.

மறுநாள் மதியம் கென்னத் அவற்றை ஸ்டாண்டில் ஏற்றி, அங்குலம் அங்குலமாகத் தள்ளி வைத்தார். தட்டைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவர், பெட்டிகளைப் பார்க்காமல் டோரீனைப் பார்த்தார். அவளுக்கு விஷயம் உறைப்பதற்குள் ஹேசல் மூச்சிழுத்துவிட்டாள். பின்னல் ஊசிகள் நின்றன.

பாட்டை நிறுத்தினார். "நேத்துக் கடையிலயும் இங்கதான் உன் கை நின்னுச்சு."

டோரீன் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எத்தனை நாளா கேக்குது உனக்கு?"

"எப்பவுமே கேக்குது, கென். பரண்ல கெடக்குதே, அந்தப் பழசுல கூட."

கத்துவார் என்று நினைத்தாள். கத்தியிருந்தால் தேவலை. அவர் தன் காது மடலைப் பிடித்துக்கொண்டு, நனைந்த கோழி மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தார். பார்க்க அவளுக்கு அழுகை வந்தது.

"காது மெஷின் வெச்சுக்கலாம், கென். டாக்டர்கிட்ட கேப்போம்."

"அந்தப் பட்டாணி சைஸ் தகரத்து வழியா ஹேசலைக் கேக்கச் சொல்றியா? அது அவளா இருக்காது." பிறகு அவரே, "எப்படி இருக்கு அது? சொல்லு," என்றார்.

"மூச்சுதான்."

"இவ்வளவு நாள் மறைச்சே இல்ல? ஒழுங்காச் சொல்லு."

மறுபடியும் தட்டைச் சுழல விட்டார். டோரீன் சொன்னாள். "இப்போ... வாயைத் திறக்கிறா. மூச்சு இழுக்கிறா, அவசரமா. கடைசியில சிரிப்பு வருது, அதை அடக்கிக்கிறா." கென்னத் கண்ணை மூடிக்கொண்டு புன்னகை செய்தார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அந்தப் புன்னகை ஒரு நாளும் டோரீனுக்குக் கிடைத்ததில்லை.

"இன்னொரு தடவை," என்றார்.

திங்கட்கிழமை பெட்டிகளைத் திருப்பிக் கொடுக்க இருவரும் போனார்கள். என்ன குறை என்று கேட்டான் நைஜல்.

"குறை ஒண்ணும் இல்லப்பா. இதைவிடத் துல்லியமானது வீட்லயே இருக்கு," என்று கென்னத் டோரீனின் தோளைத் தட்டினார். நைஜல் அவள் முகத்தைப் பார்க்காமல் ரசீதைத் தேடினான்.

அன்று சாயங்காலம் தேநீர் குடித்து முடித்ததும், அவளுடைய நாற்காலியை, போன தடவை வாங்கின இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவே இழுத்துப் போட்டார். பின்னலை அவள் மடியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார்.

"உக்காரு, டோரீன்."

அவள் உட்கார்ந்தாள். தட்டு சுழலத் தொடங்கியது.

"இப்போ," என்றாள்.