திருப்பூட்டுக்கும் பந்திக்கும் நடுவே

1999 ஆவணியில் தேனம்மை ஆச்சி காரைக்குடிக்காரர்கள் கண்ணுக்குத் தெரியாமல் போனார். ஊரில்தான் இருந்தார், உடம்புக்கும் ஒன்றுமில்லை. முதலில் தேவகோட்டை பஸ்ஸில் கண்டக்டர் அவரைத் தாண்டிப் பின்னால் இருந்தவருக்குச் சீட்டுக் கிழித்தார். பிறகு காய்கறிக்காரர் அவர் நீட்டிய பைக்கு மேலாகக் கையை நீட்டி அடுத்தவரிடம் கத்தரிக்காயைக் கொடுத்தார். ஆடி முழுக்க லேசாகச் சளி பிடித்திருந்த அண்ணன் அழகுசுந்தரம், ஆச்சி இருந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து, இது ஏன் சூடாக இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் பேப்பரைப் பிரித்தார்.

காரணம் கல்யாண சிடி. அழகுசுந்தரத்தின் மகள் கல்யாணசுந்தரியின் கல்யாணக் கேசட்டுகளைச் செக்காலை ரோட்டில் உபகாரசாமி ஸ்டூடியோவில் சிடியாக மாற்றினார்கள். உபகாரசாமியின் அண்ணன் மகள் பெல்சி, இயற்பியல் படித்தவர், கம்ப்யூட்டரில் முக்கியமான இடங்களில் குறி வைத்துப் பெயரும் கொடுத்தார்: மாப்பிள்ளை அழைப்பு, தாலி கட்டும் திருப்பூட்டு, பந்தி, பெண்ணழைப்பு. ரிமோட்டில் எண்ணை அமுக்கினால் படம் நேரே அங்கே தாவும். சொந்தக்காரர்களும் ஊர்க்காரர்களும் ஆளுக்கொரு சிடி வாங்கித் தாவித் தாவியே பார்த்தார்கள். குறிகளுக்கு நடுவில் விட்டுப்போனவர்கள் கொஞ்சம் மங்கினார்கள். ஆனால் பந்தியிலாவது அவர்கள் முகம் இருந்ததால் சீக்கிரம் தெளிந்துவிட்டார்கள். தேனம்மை கணவரை இழந்தவர், நல்ல காரியங்களில் முன்னால் வந்து நிற்பதில்லை. தாயில்லாத கல்யாணசுந்தரியை வளர்த்தவர் அவர்தான் என்றாலும், தாலி ஏறிக் கூட்டம் கலையும்போது தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு தரம் எட்டிப் பார்த்துச் சிரித்தார். படத்தில் அவர் இருந்தது அந்தச் சிரிப்பில் மட்டும்.

படத்தை ஒரு இடம் விடாமல் பார்த்தவர் பெல்சி ஒருவர்தான். அதனால் ஆச்சி ஸ்டூடியோவுக்கு வந்தபோது அவர் மட்டும் தலை நிமிர்ந்தார்.

"ஏத்தா, நான் இங்குட்டு நிக்கிறது தெரியுதா?"

"தெரியுது ஆச்சி. கொஞ்சம் கலங்கலா இருக்கீக."

"ஊரு பாக்காட்டிப் போகுது. வெள்ளிக்கிழமை சிங்கப்பூர்லேர்ந்து நான் வளத்த புள்ள வருது. அது என்னையத் தேடி வீடு பூரா அலையும். நான் பக்கத்துலயே நிப்பேன்."

பெல்சி புதிதாக ஒரு குறி வைத்துப் பார்த்தார். திரையில் தூண் மட்டும் வந்தது. குறி நினைத்த இடத்தில் நிற்காது. இடையிடையே முழுதாகப் பதிவாகும் படத்தில்தான் நிற்கும். நடுவில் வரும் மற்ற படங்கள் முந்தைய படத்திலிருந்து மாறியதை மட்டும் வைத்திருக்கும். அடுத்த முழுப்படம் வருவதற்குள் ஆச்சி தூணுக்குப் பின்னால் போயிருந்தார். அதனால் அங்கே ஒரு முழுப்படத்தை வைக்கும்படி கம்ப்யூட்டருக்குச் சொல்லி, கேசட் மொத்தத்தையும் மறுபடி சிடியாக மாற்றினார். சிரிப்பு அறுந்துவிடக் கூடாதென்று குறியைக் கொஞ்சம் முன்னால் வைத்தார். என்ன பெயர் போட என்று கேட்டார்.

"எம்பேரெல்லாம் வேணாத்தா. கூட்டம் கலையுதுன்னு போடு."

பெல்சி தலையாட்டிவிட்டு, தேனம்மை ஆச்சி என்று போட்டார். சிடிகளை ஆட்டோவில் வீடு வீடாகக் கொண்டுபோய் மாற்றிக் கொடுத்தார், சிங்கப்பூருக்கும் ஒன்றைக் கூரியரில் அனுப்பினார். புதுப் பெயரைப் பார்த்து எல்லாரும் முதலில் அதையே அமுக்கினார்கள்.

வெள்ளிக்கிழமை கல்யாணசுந்தரி காரிலிருந்து இறங்கி, கதவைக்கூடச் சாத்தாமல் வாசலுக்கு ஓடி இரண்டு கைகளையும் விரித்தார். அங்கே யாரும் இல்லை. உள்ளிருந்து விரைந்து வந்த ஆச்சி அந்தக் கைகளுக்குள் சரியாக வந்து சேர்ந்தார்.

குறி முன்னால் விழுந்ததால் அவர் எங்கேயும் போய்ச் சேர்வதற்குக் கொஞ்சம் முன்பே தெரிந்துவிடுகிறார். ஊருக்கு அது பழகிவிட்டது. இன்னும் ஏறாத ஆச்சிக்குக் கண்டக்டர் சீட்டுக் கிழித்து நீட்டுகிறார். ஆச்சி ஏறி வாங்கிக்கொள்கிறார்.