ஒரு சாண் எழும் வீடு

போதில் மாட்ஸன் என்பவளின் வீடு தினமும் இரண்டு முறை தரையை விட்டு ஒரு சாண் எழுந்து, பிறகு அஸ்திவாரக் கல்லில் இறங்கி உட்காரும். தப்பு தன்னுடையதுதான் என்று அவளே ஒப்புக்கொள்வாள். உடைந்த கப்பல் மரத்தில் கட்டிய அந்தப் பழைய வீட்டின் கூரை ஒழுகியபோது, ஓடும் வேண்டாம், குளிர் தடுக்கும் கண்ணாடிப் பஞ்சும் வேண்டாம், ஒரு மூட்டை சிமென்ட்கூட இந்த வாசலைத் தாண்டாது என்று சபதம் போட்டாள். கூரைக்கும் சுவருக்கும் கடற்புல்தான். கரையில் ஒதுங்கும் புல்லை வயலில் பரப்பி, குளிர்காலம் முழுக்க மழையில் நனையவிட்டு உப்பைப் போக்க வேண்டும். அந்த டேனிஷ் தீவில் குழந்தைக்கும் தெரிந்த விதி. போதில் படகுத்துறையில் டிக்கெட் கிழிப்பவள். லீவு மூன்றே வாரம். அக்டோபர் புயல் ஒதுக்கிய புல்லை, நண்டுக்குஞ்சு ஊரும் ஈரத்தோடு முறுக்கிக் கூரையில் ஏற்றிவிட்டாள். புல்லுக்குத் தான் கரையேறியதே தெரியவில்லை. கடல் ஏறினால் அதுவும் ஏறியது, வீட்டையும் தூக்கிக்கொண்டு.

முதல் நாளே புருஷன் ஏய்னார் காபியைச் சட்டையில் கொட்டிக்கொண்டான்.

"அடியே, நான் கட்டிக்கிட்டது உன்னையா, படகையா?"

"அரைக் கோப்பை ஊத்திக்கோ. உனக்கு எப்பவும் பேராசை."

அன்றிலிருந்து அந்த வீட்டில் அரைக் கோப்பைதான். கடற்புல் சூட்டைப் பிடித்துவைத்ததால் விறகும் பாதி போதுமாயிருந்தது. இரண்டு வருஷம் இப்படியே ஓடியது.

பிறகு கட்டட ஆய்வாளர் லௌரிட்ஸ் கப்பலேறி வந்தார். காலையில் அளந்தார், மதியம் அளந்தார். இரண்டு உயரம்.

"நாலு மூலையிலயும் கான்கிரீட் ஊத்தி இறுக்குங்க, போதில். பிப்ரவரி கடைசிக்குள்ள செய்யலேன்னா இடிச்சிட வேண்டியதுதான்."

அவர் போனதும் போதில் வெளியே வந்து கூரையை அண்ணாந்து பார்த்தாள். கூரையின் ஒவ்வொரு முறுக்கும் அவள் கைப்பட்டது.

"நாலு மூட்டைதானேடி, யாருக்குத் தெரியப்போகுது?" என்று கெஞ்சினான் ஏய்னார்.

"எனக்குத் தெரியுமே."

படகுத்துறையில் கழித்துப்போட்ட கயிறுகளைச் சுமந்து வந்தாள். நாலு மூலையிலும் ஓக் மர முளை அடித்து, படகைக் கட்டுவதுபோலத் தாராளமாகத் தொய்வு விட்டு வீட்டைக் கட்டினாள். பிப்ரவரி கடைசி நாள் லௌரிட்ஸ் வந்து கயிற்றை இழுத்துப் பார்த்தார்.

"இது தொளதொளன்னு கெடக்கு. இது செல்லாது."

"இறுக்கிக் கட்டினா எந்தப் படகும் முழுகிடும் சார். காபி குடிச்சிட்டு அப்புறமா இடிங்க."

அவர் மேஜை முன் உட்கார்ந்தபோது காற்று கரைப்பக்கம் திரும்பிப் புயலாக அடித்தது. கடல் வயல்களைத் தாண்டி வந்தது. கான்கிரீட்டில் நின்ற வீடுகளில் தண்ணீர் ஜன்னல்வரை ஏறியது. ஜனங்கள் பரணில் இருந்தார்கள். போதிலின் வீடு கயிற்றின் நீளம்வரை நிதானமாக எழுந்து, அங்கேயே நின்றது. முழுக் கோப்பையும் லௌரிட்ஸின் மடியில் கொட்டியது. அவர் துடைத்துக்கொண்டார். வெள்ளம் வடிய மூன்று நாள் ஆனது. அதுவரை மூவரும் ரை தானிய ரொட்டியும் ஊறவைத்த ஹெர்ரிங் மீனும் தின்றார்கள்.

நான்காம் நாள் வீடு கல்லில் உட்கார்ந்ததும் அவர் அனுமதிப் படிவத்தை நிரப்பினார். உயரம் என்ற இடத்தில் 'கடலைப் பொறுத்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போதில் காபிக் கூஜாவைத் தூக்கினாள்.

"எனக்கு அரைக் கோப்பை போதும்," என்றார்.