பத்து அடி

ஸ்டுடியோக்காரர் மொட்டை மாடியில் நின்று ஏழாவது தடவையாகத் தண்ணீர்த் தொட்டியைக் குறிவைத்தார். நாலு தெரு தள்ளி நின்ற தொட்டி அது. கையிலிருந்த மிரர்லெஸ் கேமராவை வாங்கி எட்டு நாள்தான் ஆகியிருந்தது. அதில் மாட்டியிருந்த லென்ஸுக்கோ நாற்பது வயதுக்கு மேல். அப்பாவின் லென்ஸ்.

பழைய லென்ஸ் புதுக் கேமராவில் நேராக உட்காராது. இடையில் அடாப்டர் என்று ஓர் உலோக வளையம் வேண்டும். அதற்குள் கண்ணாடியும் கிடையாது, மண்ணாங்கட்டியும் கிடையாது. லென்ஸ் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டுமோ அவ்வளவு தள்ளி நிறுத்தி வைப்பதுதான் அதன் வேலை. அந்தத் தூரம் மயிரிழை பிசகினாலும் படம் பிசகும்.

லென்ஸை அது திரும்புகிற கடைசி வரை திருப்பியாயிற்று. திரையில் தொட்டி மங்கலாகவே நின்றது.

"அடாப்டர் சரியில்ல. கண்ட கடையில வாங்கினா இப்படித்தான்" என்றார்.

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். உங்க தங்கச்சிக்கு நீங்க சொன்னதுதான். மறந்துபோச்சா?"

அவருக்குச் சுருக்கென்றது. மறக்கிற விஷயமா அது? ஸ்டுடியோச் சுவரில் அல்லவா மாட்டி வைத்திருக்கிறார்.

அப்பா ஊரில் பாதிப் பேருக்கு முகம் பிடித்துக் கொடுத்தவர். தன் முகத்தை மட்டும் யாருக்கும் கொடுத்ததில்லை. கேமரா தன் பக்கம் திரும்பினாலே கையை நீட்டி மறைத்துவிடுவார். இருபத்தொரு வருடத்துக்கு முன்னால், படுக்கையில் விழுந்த கடைசி வாரத்தில், தங்கைதான் கெஞ்சிக் கூத்தாடி அவரைச் சம்மதிக்க வைத்தாள். "கேமராவுக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்காத, பக்கத்துல உக்காந்து பேசு" என்று மட்டும் சொன்னாராம்.

அவள் அப்பாவின் கால்மாட்டுப் பக்கமிருந்த அலமாரியின் மேல்தட்டில் சுவரோடு ஒட்டிக் கேமராவை வைத்தாள். அதன் வழியே கண் வைத்துப் பார்க்க இடமில்லை. அதனால் டேப்பை இழுத்து, கேமராவிலிருந்து அப்பாவின் கண் வரைக்கும் அளந்தாள். பத்து அடி. லென்ஸின் மேல் பொறித்திருந்த தூர எண்களில் பத்தைக் கோட்டுக்கு நேரே திருப்பி வைத்தாள். பிறகு கட்டிலருகே உட்கார்ந்து கதை பேசிக்கொண்டே கேமராவில் மாட்டிய நீள ஒயரின் பொத்தானை அழுத்தி ஐந்து படம் எடுத்தாள். அப்பா சிரித்தார்.

நாலாம் நாள் அவர் போய்விட்டார். ஃபிலிமைக் கழுவிப் பார்த்தபோது வீடு நிறைய சொந்தக்காரர்கள் இருந்தார்கள். அப்பாவின் முழங்காலைப் போர்த்தியிருந்த போர்வையில் இழை இழையாய் எண்ணலாம். முகம் வெறும் புகை. ஐந்திலும் அப்படியே.

"அளந்துதான் வெச்சேன். பத்து அடி. லென்ஸ்லதான் ஏதோ கோளாறு" என்று தங்கை அழுதாள். அப்போதுதான் அவர் அத்தனை பேர் முன்னிலையில் அந்தப் பழமொழியைச் சொன்னார். அளக்காமலே அளந்ததாகப் பொய் சொல்கிறாள் என்றும் சொன்னார். அதோடும் விட்டாரா? ஐந்தில் ஒன்றைப் பெரிதாக்கி ஸ்டுடியோவில் மாட்டினார். வேலைக்குச் சேருகிற ஒவ்வொருவரையும் அதன் முன்னால் நிறுத்துவார். "என் தங்கச்சி எடுத்தது. கண்ண மூடிட்டு எடுத்தா இதான் கதி" என்பார்.

அவரைவிட நல்ல கை அவளுக்கு. அப்பாவே சொல்லியிருக்கிறார். அன்றைக்கு வைத்த கேமராவை அவள் பிறகு தொடவில்லை. ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி வெட்டிப் பொருத்தும் வேலைக்குப் போனாள். அண்ணன் வீட்டுக்கு வருவாள், போவாள். ஸ்டுடியோ வாசலை மட்டும் மிதித்ததில்லை.

ஸ்டுடியோக்காரர் மாடியிலிருந்து இறங்கினார். அதே அடாப்டரில் வேறொரு பழைய லென்ஸை மாட்டிக்கொண்டு மறுபடியும் ஏறினார். தொட்டியின் ஏணிப்படிகளை ஒவ்வொன்றாக எண்ண முடிந்தது. அடாப்டர்மேல் பழியில்லை. அப்பாவின் லென்ஸில்தான் கோளாறு.

அந்த லென்ஸை இதுவரை திறந்தவர் ஒரே ஒருவர்தான். அப்பா படுக்கையில் விழுவதற்குப் பதினைந்து நாள் முன்னால், உள்ளே பூஞ்சை பிடித்திருக்கிறதென்று இவர்தான் கழற்றித் துடைத்தார். அதில் திருகுமரைக்குள் மரையாகப் பல மரைகள். எது எந்த இடத்தில் பிரிந்ததோ அந்த இடத்திலேயே ஏற்ற வேண்டும், மாறினால் மேலே நிற்கிற எண்ணும் தெளிகிற தூரமும் பொருந்தாது; அதற்காகப் பிரிக்கும்போதே ஊசியால் ஒரு கீறல் போட்டுக்கொள்ள வேண்டும். கற்றுக்குட்டிகூடச் செய்வான். இவர் அவசரத்தில் போடவில்லை. ஏதோ ஒரு மரையில் ஏற்றினார். வழுவழுவென்று சுற்றியது, விட்டுவிட்டார்.

அதன் பிறகு அவர் எடுத்த ஆயிரக்கணக்கான படங்களில் ஒன்றும் பிசகவில்லை. எப்படிப் பிசகும்? அவர் கேமராவில் கண் வைத்து, முகம் தெளிகிற வரை திருப்பி எடுக்கிறவர். லென்ஸின் மேல் என்ன எண் நிற்கிறது என்று பார்த்ததே இல்லை. ஸ்டுடியோவின் நாலு சுவருக்கு வெளியே அந்த லென்ஸைக் கொண்டுபோனதும் இல்லை. எண்ணை நம்பி எடுத்தவள் ஒருத்திதான்.

படுக்கையறையில் கேமராவை மேஜைமேல் வைத்தார். அப்பாவின் லென்ஸைத் திரும்ப மாட்டிப் பத்தில் நிறுத்திவிட்டு, மனைவியை ஒரு செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு எட்டப்போகச் சொன்னார். அவள் ஏன், எதற்கு என்று கேட்காமல் பிடித்தாள். பத்து அடியில் எழுத்தெல்லாம் புகை. கிட்டே வரவர, ஏழாவது அடியில் சட்டென்று தெளிந்தது. பிறகு கட்டிலில் ஏறிக் காலை நீட்டி, அப்பா சாய்ந்திருந்தது போலத் தலையணையில் சாய்ந்தார்.

"கண்ணுலேர்ந்து முழங்கால் வரைக்கும் அள."

அவள் டேப்பைப் பிடித்துப் பார்த்தாள். "மூணு அடி" என்றாள். கணக்கு அவளுக்கும் புரிந்துவிட்டது. டேப்பைச் சுருட்டாமல் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். "போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றாள்.

சுவரிலிருந்த படத்தைக் கழற்றிச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு கண்ணாடிக் கடைக்குப் போனார். தங்கை பின்னறையில் மெஷின் முன்னால் இருந்தாள். அண்ணனையும் பொட்டலத்தையும் பார்த்து மெஷினை நிறுத்தினாள்.

"அப்பாவோட லென்ஸு... பத்துல வெச்சா ஏழுல நிக்குது" என்றார். "நான்தான் மரைய மாத்தி ஏத்தியிருக்கேன். நீ அளந்தது சரிம்மா."

அவள் படத்தைப் பிரித்தாள். இருபத்தொரு வருடம் கழித்து அந்தப் புகைமுகத்தைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தார். அழவில்லை.

"பத்து அடின்னு நான் சொன்னப்பவே லென்ஸப் பத்துல வெச்சு ஒரு தடவ பாத்திருக்கலாமே அண்ணா. தப்பு லென்ஸ்லயும் இருக்கலாம்ல? இந்தத் தொழில்லயே இருக்கற, அது உனக்குத் தோணவே இல்லையா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

"ஒரு தடவ தோணிச்சு" என்றார். "பெருசாக்கி மாட்டின அன்னிக்கு. லென்ஸத் திறந்தது நான்தானேன்னு ஞாபகம் வந்துச்சு. அதுக்கப்புறம் அந்தப் பக்கமே நெனப்ப விடல."

அவள் மெஷினருகே கிடந்த கண்ணாடி ஒன்றை எடுத்து மறுபடி அளந்தாள்.

"நான் இன்னும் எதையும் ரெண்டு தடவ அளக்கறேன்" என்றாள். "இங்க எல்லாரும் கேலி பண்ணுவாங்க. எனக்கே என்மேல நம்பிக்கை போயிடுச்சு அண்ணா. ஒருவேளை நான் அளக்கவே இல்லையோன்னு பாதி நாள் நெனச்சிருக்கேன்."

"இந்தப் படத்த இனிமே மாட்டல. கழட்டிட்டேன்" என்றார்.

"கழட்டாத." அவள் படத்தைத் திரும்பச் சுற்றி அவர் கையில் கொடுத்தாள். "அதே ஆணியில மாட்டு. நாலு பேருக்குக் கதை சொல்லுவியே, அதையும் நிறுத்தாத. யார் தப்புன்னு மட்டும் சரியா சொல்லு. சனிக்கிழமை கூட்டமா இருக்கும்ல, நான் வந்து கேக்கறேன்."

சனிக்கிழமை சொன்னபடி வந்தாள். பாஸ்போர்ட் படத்துக்குக் காத்திருந்தவர்களோடு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். வேலை செய்கிற மூன்று பேருக்கும் அவள் யாரென்று தெரியாது. ஸ்டுடியோக்காரர் அவர்களைக் கூப்பிட்டுப் படத்தின் முன்னால் நிறுத்தினார். காத்திருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இதப் பத்தி உங்ககிட்ட நான் சொன்னது அத்தனையும் தப்பு" என்றார். ஊசிக் கீறலிலிருந்து தொடங்கி ஒன்றையும் விடாமல் சொன்னார். "அவ பத்து அடின்னு சரியா அளந்து வெச்சா. லென்ஸக் கெடுத்தது நான். பழிய அவமேல போட்டதும் நான். அதோ உக்காந்திருக்காளே, அவதான் என் தங்கச்சி."

தங்கை தலையைக் குனியவில்லை. எல்லாரும் பார்க்கட்டும் என்று நிமிர்ந்தே இருந்தாள்.

பெஞ்சிலிருந்த ஓர் அம்மாள்தான் கேட்டார். "பாவம், முகமே தெரியலையே. உங்கப்பாவோட வேற படத்த மாட்டலாமேங்க?"

ஸ்டுடியோக்காரர் தங்கையைப் பார்த்தார். பிறகு அந்த அம்மாளிடம் சொன்னார்.

"வேற இல்லைங்க. அவரு சம்மதிச்சு உக்காந்தது அந்த ஒரு தடவதான்."